கடல்நாய்க் காவல்

மதியழகனுக்குத் தெரியாமலே ஊரில் அவனுக்கு ஒரு புது உத்தியோகம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டல்லாசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்றுதான் பதிமூன்று வருடமாக அவனைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பங்குனி மாதத்து மத்தியானம், பாப்பாரப்பட்டியைத் தாண்டி அக்கா அமுதவல்லியின் வீட்டு வாசலில் அவன் காரை விட்டு இறங்கியபோது, கடலில் காவல் காக்கிறவனாக ஆகியிருந்தான்.

முதலில் வாயைத் திறந்தவன் ராஜப்பன். பெரியப்பா மகன், அண்ணன் முறை. பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டே, ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தான்.

"அந்தக் கடல்நாயிங்கள நீங்கெல்லாம் எப்படித் தம்பி வெரட்டுவீங்க? தண்ணிக்குள்ள பட்டாசு வெடிக்காதே."

கேலிக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் கேழ்வரகு கதிர் பிடிக்கிற காலத்தில் காட்டிலிருந்து பன்றியும் யானையும் இறங்கும். ஆண்கள் பரண் கட்டி உட்கார்ந்து, தகரத்தைத் தட்டி, பட்டாசு கொளுத்தி விரட்டுவார்கள். ராஜப்பன் இருபது வருடம் பரண் ஏறியவன். ஒரு காவல்காரன் இன்னொரு காவல்காரனிடம் தொழில் விசாரிக்கிறான், அவ்வளவுதான். மதியழகன் வாய்க்கு வந்தபடி டார்ச் அடிப்போம் என்றான். டார்ச்சுக்கே ஓடிவிடுமா, நம்மூர் பன்றிக்கு அந்தப் பயம்கூட இல்லையே என்று ராஜப்பன் ஆச்சரியப்பட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மதியழகனுக்கு அந்த வாசலிலேயே காரைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்று இருந்தது.

இந்த உத்தியோகம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அமுதவல்லியின் ஒரே மகள் காவியா பெரியவளானாள். ஐப்பசியில் சடங்கு என்று நாள் குறித்தார்கள். இங்கே சடங்கு என்றால் தாய்மாமன்தான். அவன்தான் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து பெண்ணுக்குக் குடிசை கட்ட வேண்டும். அவன் சீர்த்தட்டோடு முன்னால் நடந்து வர, மேளம் கூட வர வேண்டும். அவன் போட்ட மாலையோடுதான் பெண் மணையில் உட்கார வேண்டும். அமுதவல்லிக்கு உடன்பிறந்தவன் மதியழகன் ஒருவன்தான். நாள் குறித்த கையோடு அவனுக்குத்தான் முதல் போன் போட்டாள்.

அதே வாரத்தில் மதியழகனும் அவன் மனைவி மலர்விழியும் நண்பர்களோடு மெக்சிகோவில் லா பாஸ் என்ற ஊருக்குப் போவதாக இருந்தது. குளிரே தெரியாத வெதுவெதுப்பான கடல். கரையிலிருந்து படகில் போனால் ஒரு பாறைத் தீவு வரும். அதில் கடற்சிங்கங்கள் கூட்டமாக வாழ்கின்றன. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முங்கி, அவற்றின் நடுவே நீந்தலாம். இந்த ஸ்கூபா டைவிங்குக்காகவே மதியழகன் நான்கு மாதம் நீச்சல்குளத்தில் பயிற்சி எடுத்திருந்தான். அடுத்த வருடம் போய்க்கொள்ளலாமே, அந்தப் பெண்ணுக்குச் சடங்கு இன்னொரு முறையா வரப்போகிறது என்று மலர்விழி கேட்டாள். அவனுக்கு மனசு வரவில்லை. வேறு காரணம் எதையும் ஜோடிக்க வேண்டாம், மனசு வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, புராஜெக்ட் முடிகிற நேரம், லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டான்.

அமுதவல்லி கோபப்படவில்லை. வேலைதானே சாமி முக்கியம் என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சடங்கில் ராஜப்பன் ஓலை வெட்டினான், குடிசை கட்டினான், சீர்த்தட்டு எடுத்தான். அமுதவல்லியின் மாமியார் நஞ்சம்மாள் சும்மா இருப்பாளா. சொந்தபந்தம், ஒறம்பரை என்று நிறைந்த பந்தலில், எல்லோர் காதிலும் விழும்படி, மாமன் உயிரோடு இருக்கும்போதே இரவல் மாமனை வைத்துச் சடங்கு செய்கிற கூத்தை இந்த வீட்டில்தான் பார்க்கிறேன் என்றாள். என் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை, கிடைத்தால் பறந்து வந்திருப்பான் என்று அமுதவல்லி பந்தி பந்தியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு போட்ட கையோடு அதையும் பரிமாறினாள்.

அதே நாளில் அவள் தம்பி கடலுக்கடியில் இருந்தான். ஒரு குட்டிக் கடற்சிங்கம் அவன் காலில் மாட்டியிருந்த துடுப்பைப் பல்லால் கவ்வி இழுத்தது. திரும்பிப் பார்த்தால் ஓடிவிடும், பார்க்காவிட்டால் மறுபடியும் வந்து இழுக்கும். பிறகு முகத்துக்கு நேரே வந்து, கண்ணாடி வழியாக அவன் கண்ணையே பார்த்து, மூக்கால் குமிழி விட்டது. அவனும் குமிழி விட்டான். அது தலைகீழாகப் புரண்டது. அவனும் புரண்டான். வாயில் காற்றுக்குழாய் இருப்பதை மறந்து சிரித்து, உப்புத் தண்ணீரைக் குடித்து இருமினான். நாற்பது நிமிடம். இத்தனை சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை. அந்த நாற்பது நிமிடத்தில் காவியாவின் ஞாபகம் ஒருமுறைகூட வரவில்லை. பின்னாளில் அவனை அதிகமாக அரித்தது அதுதான்.

மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. சடங்கு எப்படி நடந்தது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்துத்தான் எடுத்தான்.

"மேல யாருடா கயிறு புடிக்கறது?" என்று கேட்டாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தண்ணிக்குள்ள போறியே, மேல கயிறு யாரு புடிக்கறதுன்னு கேக்கறேன். போட்டோ பாத்தோம். கேபிளு வேலைன்னு காவியா எல்லாஞ் சொல்லிச்சு. இம்புட்டு நாளா ஏன்டா எங்கிட்ட மறச்சே?"

படகுக்காரர்கள் அவன் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு அவன் பெயரையும் சேர்த்துவிட்டிருந்தார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடவே, தப்பிக்க ஒரு வழி திறந்து கிடப்பதும் தெரிந்தது. காவியா அதை ஏன் திறந்துவைத்தாள் என்று அவன் யோசிக்கவில்லை, நுழைந்துவிட்டான். மேலே ஆள் இருக்கிறார்கள் அக்கா, நீ பயப்படாதே என்றான்.

கயிறு என்று அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. இவர்களுடைய அப்பா வெங்கடாசலம் கிணற்று வேலைக்காரர். தர்மபுரிக் கிணறுகள் பாறையைக் குடைந்து இறங்குகிறவை, எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். பம்புசெட்டுக் குழாயின் அடியில் இருக்கும் புட்டுவால்வில் சேறு அடைத்துக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்கி எடுத்துவிட்டு வருவார். மேலே கயிற்றைப் பிடிக்கிறவள் அமுதவல்லி. அவளுக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது ஒருநாள் கயிறு மேலே வரவில்லை. ஊரே சேர்ந்து இழுத்தது. மதியழகன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான், பதினொரு வயது. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆகவே தண்ணீருக்குள் ஒருவன் முங்குகிறான் என்றால் கூலிக்குத்தான் முங்குவான் என்பது அமுதவல்லிக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். வாயில் குழாயும் முதுகில் உருளையுமாக, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மிருகமுமாகத் தம்பியைப் பார்த்தவள், அன்றைக்கே முனியப்பன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். தம்பி நல்லபடியாக வந்தால் கிடா வெட்டி அவனுக்கு மொட்டை போடுகிறேன் என்ற வரைக்கும்தான் அவனுக்குச் சொன்னாள். சீக்கிரம் வருகிறேன் என்றவன் இரண்டு முறை தள்ளிப்போட்டான். முதல்முறை வீடு மாறுகிற வேலை. இரண்டாம் முறை காரணம் என்று ஒன்றும் இல்லை, சோம்பல்தான்.

அந்த வேண்டுதலின் மிச்சப் பாதி அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அமுதவல்லி அடுப்படியிலிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தாள். இடது காலைக் கொஞ்சம் சாய்த்துவைத்து நடந்தாள். அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவன் அவள் காலைப் பார்த்தான். குதிகால் இரண்டும் வெடித்துப் பிளந்திருந்தன. இடது காலில் சுண்டுவிரல் இருந்த இடத்தில் விரல் இல்லை.

"முள்ளு குத்துச்சு, கவனிக்காம வுட்டுட்டேன். சுகரு காலுதான, சீழ் வெச்சிருச்சு. சுண்டுவெரலு இருந்து என்னத்தடா பண்ணுச்சு, எடுத்துட்டாங்க, போனாப் போவுது," என்றாள்.

அவள் புருஷன் மாதேஸ்வரன் பொறுமையான மனுஷன். அவருக்கே இதில் பொறுமை போயிருந்தது. தம்பி தண்ணீரை விட்டு வந்து முனியப்பன் முன்னால் நிற்கிற வரைக்கும் காலில் செருப்புப் போடுவதில்லை என்று வேண்டிக்கொண்டாளாம். காட்டு வேலை, மாட்டு வேலை எல்லாம் வெறுங்காலில்தான். ஆபரேஷன் செய்த டாக்டர் செருப்பில்லாமல் தரையில் கால் வைக்கக் கூடாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டார். அப்படியும் கேட்கவில்லை. நீ வெளிநாட்டில் இருக்கிறாய், சொன்னால் மனசு உடைந்துபோவாய் என்று உன்னிடம் சொல்லக்கூடாதென்று எங்கள் வாயையும் கட்டிவிட்டாள் என்று மாதேஸ்வரன் சொன்னார். நாளையோடு விட்டது, நாளைக்குச் செருப்பு போட்டுக்கொள்வாள் என்றும் சொன்னார்.

மதியழகனுக்குக் கோழிக்குழம்பு ஊற்றிக் களி போட்டார்கள். பாதியில் கை கழுவிவிட்டான். பயணக் களைப்பு என்றான். ஒன்றரை வருடத்தில் பொய் அவனுக்கு நன்றாகவே பழகியிருந்தது.

சாயங்காலம் காவியா அவனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள், கிடாவைப் பார்க்க. இப்போது பதினைந்து வயது, ஒன்பதாவது படிக்கிறாள். வேலித்தழையை ஒடித்துக் கிடாவுக்குக் கொடுத்துக்கொண்டே, அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"மாமா, நீங்க டூருதான் போனீங்கன்னு எனக்குத் தெரியும்."

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவள் வாசித்திருந்தாள். விடுமுறை, கொண்டாட்டம், கடற்சிங்கங்களோடு விளையாட்டு என்று போட்டிருந்ததாம். கீழே தேதி. அவள் மணையில் உட்கார்ந்திருந்த தேதி. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள். எதிரில் ஆயா நஞ்சம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பந்தலில் வாங்கிய பேச்சு அம்மாவின் முகத்தில் இன்னும் ஆறாமல் இருந்தது. மாமன் தண்ணீருக்குள் என்ன செய்கிறான் என்று அம்மா கேட்டதும், கடலுக்கடியில் போகிற இன்டர்நெட் கேபிளைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் அந்தப் பாடம் நடந்திருந்தது. இதென்ன நாய் என்று ஆயா கேட்டாள். அது கேபிளைக் கடிக்கும், மாமா விரட்டுவார் என்று சேர்த்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமே ஆயா நாலு வீட்டுக்குப் போய், எங்கள் மருமகளோட தம்பி கடலில் காவல் இருக்கிறான், அதனால்தான் சடங்குக்கு வரமுடியவில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். சடங்குக்குப் பிறகு அம்மா தலை நிமிர்ந்தது அன்றைக்குத்தான். கோயிலுக்குப் போய் வந்து செருப்பைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள்.

"அம்மாவுக்கு வெரலு போனது என்னாலதான் மாமா," என்றாள் காவியா. கிடா தழையை இழுத்தது, அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

 பதின்மூன்று வயதில் வாயில் வந்ததைச் சொன்ன பெண், ஒன்றரை வருடமாக அம்மாவின் காலைப் பார்த்துப் பார்த்து இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள். அவளுக்குக் குடிசை கட்ட வராதவன், தன் பொய்யையும் அவள் தலையில் கட்டியிருக்கிறான். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை கண்ணு, எல்லாம் நான் செய்தது, நானே அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றான்.

அவள் பயந்துபோனாள்.

"வேண்டாங்க மாமா. இப்பச் சொன்னா ஆயாவுக்குத் தெரியாம இருக்காது, தெரிஞ்சா அம்மாவச் சும்மா வுடாது. நாளைக்கி முடிஞ்சிருமில்ல. அம்மா செருப்பு போட்டுக்கும். அது போதும்."

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இருந்த யோசனை முப்பத்தெட்டு வயதுக்காரனுக்கு இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவன் அக்காவைத் தேடிக்கொண்டு போனான்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, கோயில் பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. அவன் குந்தி உட்கார்ந்தான்.

"அக்கா, நான் கடலுக்குள்ள போனது வேல இல்லக்கா. வெளையாட்டு."

"எது?" என்றாள்.

சொன்னான். லீவு இருந்தது, டிக்கெட் போட்டு வைத்திருந்தேன், விட மனசில்லை, உன்னிடம் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை அரிசியை அலசிக்கொண்டே இருந்தது. கேபிள் என்று காவியா சொன்னாளே என்று கேட்டாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான், அது குழந்தை, அதற்கு ஒன்றும் தெரியாது என்றான். சொன்ன பொய்களிலேயே அந்த ஒன்றுக்கு மட்டும் அவன் வெட்கப்படவில்லை.

"மொதலாளி போவச் சொல்லலியா?"

"இல்லக்கா."

"காசு குடுத்தா தண்ணிக்குள்ள போனே?"

"ஆமாங்க்கா."

அவள் கை நின்றது. கழுநீரைத் தென்னையடியில் ஊற்றினாள்.

"அப்பனுக்குக் கூலி குடுத்து எறக்குனாங்க. நீ கூலி குடுத்து எறங்கிருக்கற," என்றாள்.

அழுவாள், திட்டுவாள், அரிசிப் பாத்திரத்தை எடுத்து எறிவாள் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்து அவன் உட்கார்ந்திருந்தான். அவள், நன்றாகத்தான் இருந்ததா என்று கேட்டாள். குத்திக் கேட்கிறாளா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லாமல், ரொம்ப நல்லாருந்துச்சு அக்கா என்றான்.

"செரி, கெளம்பு. ஒறம்பரை வந்திருவாங்க," என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தான். குறைந்தது. அவனுக்கு.

கோயில் பென்னாகரம் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் தள்ளி, புளியமரங்களுக்கு நடுவே இருந்தது. முட்டைக் கண்ணும் முறுக்கிய மீசையும் ஓங்கிய வாளுமாக முனியப்பன் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பார். பம்பை மேளம் முன்னால் போக, கிடாவைப் பிடித்துக்கொண்டு ராஜப்பன் போக, முப்பது நாற்பது பேர் பின்னால் நடந்தார்கள். அமுதவல்லி பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடந்தாள். காவியா கையில் ஒரு பை இருந்தது. அதற்குள் அம்மாவுக்குப் புதுச் செருப்பு.

இந்த முனியப்பனிடம் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதல் முடிக்கிறவர்கள் எரிகிற சூடத்தின்மேல் கை நீட்டி, வேண்டியது இன்னது, நடந்தது இன்னது என்று சபையறியச் சொல்ல வேண்டும். வரப்புத் தகராறு, மாடு திருட்டு என்று எதுவானாலும் கடைசியில் இங்கேதான் வந்து சூடத்தை அடித்துச் சத்தியம் செய்வார்கள். வேறு எங்கேயும் கூசாமல் புளுகுகிறவன்கூட இந்தப் பக்கம் வந்தால் வாயை மூடிக்கொள்வான். அமுதவல்லி சின்ன வயதிலிருந்து இந்தச் சாமிக்குப் பயந்தவள். இந்த வழியாகப் பஸ்ஸில் போனால்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள். மதியழகனுக்கு வழக்கம் தெரியும். காலையில் அக்காவிடம் வாயைத் திறந்தபோது அது அவன் நினைப்பில் இல்லை. பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தியபோதுதான் ஞாபகம் வந்தது. நேற்றைக்கு வரைக்கும் அவள் அறியாமல் சொல்லியிருப்பாள். இன்றைக்குத் தெரிந்து சொல்ல வேண்டும்.

சொல்லு தாயி என்றார் பூசாரி. அமுதவல்லி கையை நீட்டினாள்.

"எந்தம்பி கடலுக்குள்ள போனான் சாமி. உசுரோட வந்து உன் எதுருல நிக்கோணும்னு வேண்டுனேன். வந்துட்டான்."

அவன் மூச்சு விட்டான். அதில் பொய் இல்லை. அக்கா கெட்டிக்காரி, நூல் பிடித்தாற்போலத் தாண்டிவிட்டாள் என்று நினைத்தான்.

நஞ்சம்மாள் சும்மா இருப்பாளா. இந்த முறை அவள் வாயில் வந்தது கெட்ட எண்ணம் இல்லை, பெருமைதான். பின்னால் நின்ற ஒறம்பரைக்குக் கேட்க வேண்டுமே. எதுக்குப் போனான்னு சேர்த்துச் சொல்லு, சாமிக்கு முழுசாச் சொல்லணும் என்றாள். ஆமாம், முழுசாச் சொல்லு தாயி, எதற்குப் போனாரு என்று பூசாரியும் கேட்டார்.

 சூடம் எரிந்துகொண்டிருந்தது. அமுதவல்லி மாமியாரைப் பார்த்தாள். காவியாவைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. கேளிக்கைக்குப் போனான், எங்களையெல்லாம் ஏமாற்றினான் என்று அவள் சொல்லியிருக்கலாம். நான்தான் பொய் சொன்னேன், அவளை விடுங்கள் என்று அவன் சொல்லியிருக்கலாம். அவனுக்கு நேரம் இருந்தது. ஒரு சூடம் பாதி எரிகிற அளவுக்கு நேரம் இருந்தது. நாற்பது பேர் முன்னால் அவன் வாய் திறக்கவில்லை.

"வேலைக்குங்க," என்றாள் அமுதவல்லி.

பம்பை அடித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். கிடாவுக்குத் தண்ணீர் தெளித்தார்கள், அது தலையை ஆட்டியது, வெட்டினார்கள். மதியழகனைப் பலகையில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் தடவி மொட்டை அடித்தார்கள். அவன் உடம்பு குலுங்கியதில் கத்தி இரண்டு இடத்தில் பட்டுவிட்டது. ஆடாம உக்காருங்க தம்பி, சாமி காப்பாத்திட்டாரில்ல, ஏன் அழுவறீங்க என்று மொட்டை அடித்தவர் ஆறுதல் சொன்னார்.

எல்லாம் முடிந்து புளியமரத்தடிக்கு வந்தபோது காவியா பையிலிருந்து செருப்பை எடுத்து அம்மாவின் காலடியில் வைத்தாள். ஒன்றரை வருடமாக அந்தப் பெண் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். மெத்தென்ற அடி வைத்த, சுகர்காரர்களுக்கென்றே விற்கிற செருப்பு. மாதேஸ்வரன்கூடக் கிட்டத்தில் வந்து நின்றார்.

அமுதவல்லி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து எடுத்து மகள் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். வேண்டுதல் இன்னும் பாக்கி இருக்கிறது என்றாள். என்ன பாக்கி, எல்லாம்தான் தீர்ந்துவிட்டதே என்று மாதேஸ்வரன் சத்தம் போட்டார். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினார். கெஞ்சியும் பார்த்தார். நஞ்சம்மாள்கூட, போதும் தாயி, போட்டுக்க என்றாள். அமுதவல்லி வெறும் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டாள்.

மதியழகன் ஓடிப்போய் அவளோடு சேர்ந்து நடந்தான். ஏன் அக்கா, எதற்கு என்று கேட்டான். மற்றவர்கள் காதுக்கு எட்டாத தூரம் வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"சூடத்து மேல பொய் சொல்லிட்டேன்டா. இன்னும் ஒரு வருசம் வெறுங்காலுல நடக்கறேன்னு அங்கியே மனசுக்குள்ள சொல்லிட்டேன்," என்றாள்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஜல்லி பெயர்ந்த ரோடு கொதித்தது. அவள் சாய்ந்து சாய்ந்து முன்னால் போனாள். ஒன்பது விரலோடு போகிற அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தவன், தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலை ரோட்டில் வைத்தான். பத்துப் பதினைந்து அடி நடந்திருப்பான். கல் குத்தி, தார் சுட்டு, காலை மாற்றி மாற்றி வைத்துத் தத்தினான். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"செருப்பப் போட்டுக்கடா," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "உனக்குப் பழக்கமில்ல, காலு வெந்துரும்."

அவன் ரோட்டோரம் நின்றான். அவள் திரும்பி ஒரு தடவை பார்ப்பாளா என்று காத்திருந்தான். அவள் போய்க்கொண்டே இருந்தாள். அவன் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டான்.